வளைவில் நின்ற பஸ்

எனக்காகப் பஸ்ஸை நிறுத்திய பிறகும் அம்மா ஏன் கிட்டே வரவில்லை?

எனக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரு தடவை கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது அம்மா இல்லை.

காலையில் பிள்ளைக்கு இரண்டு வாய் ஊட்டிவிட்டு, மூன்றாவது வாயைத் தன் வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கென்று கந்தோருக்கு ஓடுகிற என் வயது அம்மாமார்தான் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் நேரத்தை வீணாக்குகிறேனோ என்ற யோசனையோடுதான் எழுதுகிறேன். விஷயம் இதுதான். எனக்கு வில்கமுவைக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. போனால் பதவி உயர்வு உண்டு, மறுத்தால் அது எப்போது திரும்ப வரும் என்று தெரியாது. பஸ் குறைந்த இடம், தினமும் போய்வர முடியாது. வார நாட்களில் அங்கேயே தங்க வேண்டும். மகளை என் கணவரின் அக்காவிடம், அவளுடைய மாமியிடம், விடலாம். அவர் சந்தோஷமாகப் பார்த்துக்கொள்வார். எல்லோரும் சொல்வது, "உன் மகள் அழ மாட்டாள், பயப்படாமல் போ" என்று.

எனக்குப் பயமே அவள் அழ மாட்டாள் என்பதுதான். நானும் அழாத பிள்ளைதான்.

எங்கள் தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே இருந்தது. தேயிலையும் மிளகும் கலந்த தோட்டம். எனக்குப் பதின்மூன்று வயது முடிகிற காலம், வருஷக் கடைசி விடுமுறை. மிளகு பறிக்கிற பருவமும் மழையும் ஒன்றாக வருகிற மாதங்கள் அவை. நாங்கள் இருந்த வரிசை வீடுகளின், லயத்தின், வாசலில் சாக்கு விரித்து மிளகைக் காயப் போடுவோம். மேகம் கறுத்தால் லயமே ஓடும். யாருடைய சாக்கு என்று பார்க்காமல் எல்லோரும் எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே எறிவார்கள். பிறகு அரை மணி நேரத்துக்கு, "இது என்னோட சாக்கு", "இல்ல, என்னோடது, ஓட்டையப் பாரு" என்று சண்டை நடக்கும். பாதி காய்ந்த மிளகின் காரமான வாசம் பாயில், தலையணையில், பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லாம் இருக்கும். இப்போது கடையில் மிளகு வாங்கினால் நான் முதலில் பொட்டலத்தை மூக்கில் வைக்கிறேன். அந்த வாசம் வருவதில்லை. ஈரம் கொஞ்சம் இருந்தால்தான் வருமோ என்னவோ.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆள் கிடையாது. அந்தப் பாட நேரத்தில் வேறொரு டீச்சர் வந்து பெயர் கூப்பிட்டுவிட்டுப் போவார். மாத்தளை டவுனில் இருந்த அத்தைக்கு இது தெரியும். அத்தை அப்பாவின் அக்கா, பிள்ளைகள் இல்லை. மழை விட்ட ஒரு நாள் கைப்பையும் குடையுமாக வந்து இறங்கினார்.

"ரெண்டுல ஒண்ண எங்கிட்ட விடு தம்பி. டவுன்ல படிக்கட்டும். ஒண்ணுக்காவது வெளிச்சம் தெரியட்டும்" என்றார் அப்பாவிடம்.

என் தங்கச்சிக்கு அது காதில் விழுந்ததுதான் தாமதம், அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டினாள். "நான் போ மாட்டேன்! என்னைய விட்டா செத்துப் போவேன்!"

"சாகறதுக்கு முன்னாடி மூக்கத் தொடைச்சிக்க" என்று அத்தை சிரித்துக்கொண்டே கைக்குட்டையை நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மூத்தவ என்னா சொல்றா?"

நான் மிளகு புடைக்கிற சுளகைப் பிடித்துக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கென்று தனி அறை இருக்கிறதாம், கண்ணாடிக் குழாய்கள் இருக்கிறதாம். போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மாவை விட்டுப் போகவே கூடாது என்றும் அதே அளவுக்கு அடித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து என்னை நின்ற இடத்திலேயே வைத்திருந்தன.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதக் கூட்டிட்டுப் போறேன். இது எங்க வச்சாலும் வச்ச எடத்துல இருக்கும்."

அப்பாவுக்குப் பெருமை. "அவ அப்புடித்தான் அக்கா. சின்னதுலயே கீழ எறக்கி விட்டா விட்ட எடத்துலயே ஒக்காந்து வெளையாடுவா. தேடவே வேணாம்."

அம்மா அப்போது சாக்கின் மேல் நின்று மிளகுக் கொத்துகளைக் காலால் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தார். அத்தை அப்படிச் சொன்னபோது அம்மாவின் கால் ஒரு நொடி நின்றது. நின்றதா, அல்லது நின்றதாக நான் பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "அண்ணி, தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்று மட்டும் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டில் பயணம் கிளம்புவதற்குச் சட்டங்கள் உண்டு. உங்கள் வீடுகளிலும் இருக்கும், ஆனால் எங்கள் அம்மா மிகவும் கண்டிப்பு. போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். கிளம்புகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. நிற்கிறவர் பின்னால் இருந்து கூப்பிடக் கூடாது. ஏதாவது மறந்துபோய்த் திரும்பி வந்தால், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, புதிதாகக் கிளம்ப வேண்டும். ஆள் போன அன்றைக்கு வீடு கூட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்புகிற நேரத்தில் யாரும் அழக் கூடாது. அழுதால் போகிற காரியம் விளங்காது.

தை பிறப்பதற்கு முன்பே அத்தை என்னைக் கூட்டிப் போனார். நான் சட்டப்படி நடந்தேன். அழவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவும் சட்டப்படிதான் நடந்தார்.

அத்தை வீட்டில் முதல் நாளே ஒரு கூத்து. எனக்குக் கட்டில் போடுவதற்காக இரும்பு அலுமாரியை மூலைக்கு நகர்த்த வேண்டியிருந்தது. மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தார்.

"தள்ளுங்க" என்றார் அத்தை.

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எங்க தள்ளுறீங்க? அது நின்ன எடத்துலயே நிக்குது."

"அது நின்னா நான் தள்ளலன்னு அர்த்தமா? வந்து என் முதுகத் தொட்டுப் பாரு, வேர்வைய."

"வேர்வ சோறு தின்னாலும்தான் வருது ஒங்களுக்கு."

நானும் போய்க் கையைக் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை, பிறகு திடீரென்று அலுமாரி சறுக்கிக்கொண்டு ஓடியது. மாமா முழங்காலில் விழுந்தார். அலுமாரிக்குள் ஏதோ உருண்டு கதவு திறந்து, ஒரு பவுடர் டின் வெளியே வந்து விழுந்து மூடி தெறித்தது. மூன்று பேரும் வெள்ளையாக நின்றோம். அத்தை சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை. அத்தை கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். பால் தேத்தண்ணியில் எனக்குச் சீனி கூடப் போடுவார். காற்று வருகிற ஜன்னல் பக்கம் என் கட்டில். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் என்னைப் பற்றி, "சத்தமே இல்ல. வீட்டுல ஒரு புள்ள இருக்குன்னே தெரியாது" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோவார். நானும் அந்தப் பெயரைக் காப்பாற்றினேன். தண்ணீர்க் குழாயைக்கூட மெதுவாகத் திறப்பேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரும்புவேன். அம்மா கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை நான் வாசலில் ஏறியதும் குனிந்து என் சப்பாத்தைக் கழற்றி, தண்ணீர் விழுகிற பீலிக்குக் கொண்டுபோய்ச் சேற்றைக் கழுவுவார். அது போதுமாக இருந்தது. கழுவி அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை போடும்போது அதில் விறகுப் புகை வாசம் இருக்கும். டவுனில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது காலைக் கொஞ்சம் தூக்கி அதை மோந்து பார்த்திருக்கிறேன். இப்போது என் மகள் சப்பாத்தை மோந்தால் நான் "சீ, கீழே வை" என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும். அதற்காக அம்மா பஸ் ஹோல்டில் வைத்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுப்பார், நகத்தால் லேசாகக் கீறி மோந்துகொண்டே போக. பஸ் கிளம்பும். கிளம்புகிற அந்த நொடியில் உடம்பு பின்னால் சாயும், வீட்டுப் பக்கமாக. பிறகுதான் சீட்டோடு சேர்ந்து முன்னால் போகும்.

இதைப் பற்றித்தான் டவுன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர் கேட்டார். புதிதாக வந்த டீச்சர். வகுப்பில் பையன்கள் படுத்தும் பாட்டில் அவருடைய குரல் எப்போதும் கொஞ்சம் கட்டியே இருக்கும். "பஸ் திடீர்னு கெளம்புனா நிக்கிற ஆள் ஏன் பின்னால விழுறாரு?"

"டிரைவர் சரியில்ல டீச்சர்" என்றான் ஒருவன்.

டீச்சர் என்னைக் கேட்டார். வாரா வாரம் பஸ்ஸில் போகிறவள் என்பதால் இருக்கும். நான் எழுந்து, "பஸ் கெளம்பிட்டது ஒடம்புக்கு இன்னும் தெரியாது டீச்சர்" என்றேன். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார், ஆனால் பலகையில் சடத்துவம் என்று எழுதினார். "அவ சொன்னது சரிதான். ஆனா பரீட்சையில இப்புடி எழுதாத, மார்க்ஸ் வராது. ஓய்வா இருக்கிற பொருள் ஒரு விசை வந்து மாத்துற வரைக்கும் ஓய்வாவே இருக்கப் பாக்கும். அப்புடி எழுது."

நான் அப்படியே எழுதினேன். எழுதும்போது அத்தை எங்கள் வாசலில் வைத்துச் சொன்னது காதில் கேட்டது. வைத்த இடத்தில் இருக்கும்.

அடுத்த வாரம் சமநிலை. அதற்கு இரண்டு விற்றராசு வேண்டும், இழுக்கிற விசையை முள்ளால் காட்டுகிற சுருள் தராசு. வளையம் ஒன்றில் இரண்டையும் கொளுவி, இரண்டு பக்கமும் இழுத்துக் காட்ட வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றுதான் வேலை செய்தது, மற்றதன் சுருள் இழுபட்டுத் தொங்கியது. டீச்சர் யோசித்துவிட்டு, வளையத்தின் ஒரு பக்கத்தைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார். மறு பக்கம் விற்றராசைக் கொளுவி, பின்னால் சாய்ந்து இழுத்தார்.

"இப்ப வளையம் அசையுதா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப வளையத்துல விசை இருக்கா?"

"இல்ல டீச்சர்!" முழு வகுப்பும்.

"அப்ப நான் எதுக்கு மூச்சு வாங்குறேன்?"

பின் வரிசையில் இருந்து ஒருவன், "நீங்க இழுக்குறீங்க டீச்சர். ஜன்னல் சும்மாதானே நிக்குது?" என்றான்.

"ஜன்னலும் இழுக்குது."

"அதுக்கு எங்க டீச்சர் கை?"

"விற்றராசப் பாரு. முள் எங்க நிக்குதுன்னு பாரு. நான் எவ்வளவு இழுக்குறேனோ அவ்வளவு ஜன்னலும் இழுக்குது. அதான் வளையம் அசையல."

அவன் நம்பவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனவன், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் கயிற்று முடிச்சை உருவிவிட்டான். டீச்சர் வளையத்தோடும் விற்றராசோடும் பின்னால் போய் மேசையில் மோதி உட்கார்ந்தார். டீச்சர் முழங்கையைத் தடவிக்கொண்டு எழுந்து, அடிக்கப் போகிறார் என்று பார்த்தால், "இப்ப தெரிஞ்சிச்சா, யாரு இழுத்துக்கிட்டு இருந்ததுன்னு?" என்றார். அவனே முதலில் கைதட்டினான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எங்கள் வாசலில் அசையாமல் நின்றபோது ஒருவருக்கும் பார்ப்பதற்கு முள் இருக்கவில்லை. எனக்கும் அம்மாவைப் பார்க்கும்போது அதுதான். அம்மா சப்பாத்தைக் கழுவுகிறார், எலுமிச்சம்பழம் கொடுக்கிறார், நிற்கிறார். நான் திரும்பி வர வேண்டும் என்று அவருக்கு இருக்கிறதா இல்லையா? அந்த வயதில் இதை இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று பின்னேரம் ஒரு முடிவு எடுத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அழ வேண்டும். ஹோல்டில், அம்மா பார்க்க. அழுதால் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். தங்கச்சியை வைத்துக்கொண்டார்களே.

அந்த ஞாயிறு காலையில் இருந்தே அழுகைக்குத் தயாரானேன். துக்கமானவற்றை எல்லாம் நினைத்தேன். செத்துப்போன பூனைக்குட்டியை நினைத்தேன். கண் வறண்டு கிடந்தது.

"என்னா மூஞ்சிய அப்புடி வச்சிருக்க?" என்றாள் தங்கச்சி. "வயித்து வலியா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாதவ மூஞ்சியா இது? அம்மா, இவளுக்குப் பேதி மருந்து குடுங்க."

ஹோல்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா என் நெற்றியில் இருந்த திருநீற்றைச் சரிசெய்தார். அவர் உள்ளங்கை மிளகும் சன்லைட் சவர்க்காரமுமாக மணத்தது. பழத்தைக் கொடுத்தார். பஸ் வந்தது. அழுகை வரவில்லை. "போயிட்டு வர்றேம்மா" என்று ஏறினேன். அம்மா தலையை ஆட்டினார்.

பஸ் கிளம்பியது. உடம்பு பின்னால் போனது. கையில் இருந்த எலுமிச்சம்பழம் நழுவி, கீழே விழுந்து, சீட்டுகளுக்கு அடியால் பின்பக்கமாக உருண்டது. அதைப் பிடிக்கத் திரும்பினேன். சட்டப்படி திரும்பிப் பார்க்கக் கூடாது, ஆனால் பழத்துக்காகத்தானே திரும்பினேன். பின் கண்ணாடியில் அம்மா தெரிந்தார். நான் ஏறியதும் அம்மா மலைப்பாதையில் ஏறிப் போய்விடுவார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போகவில்லை. ஹோல்டின் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்தபடி நின்றார்.

அப்போது வந்தது. காலை முழுவதும் தேடியும் கிடைக்காத அழுகை, சத்தத்தோடு. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

கண்டக்டர் சிங்களவர், என்னை எப்போதும் நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். ஓடி வந்தார். "ஏன் நங்கி? விழுந்ததா? அடி பட்டதா?" நான் பின் கண்ணாடியைக் காட்டினேன். அவர் மணியை இழுத்தார். முதல் வளைவில் டிரைவர் பிரேக் போட, நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். "ஐயோ என் பலாக்கா!" என்று ஒரு அம்மா கத்தினார்.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "அம்மா! பிள்ளை அழுது! எறக்கவா? சொல்லுங்க சுருக்கா!"

அம்மா தூணை விட்டார். ஓடி வந்தார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நான் எழுந்துவிட்டேன், பையையும் எடுத்துவிட்டேன். பிறகு, பாதித் தூரத்தில், யாரோ கோடு கிழித்து வைத்தது மாதிரி அம்மா நின்றுவிட்டார். கையைத் தூக்கினார். வா என்கிற கை இல்லை. வெளிப்பக்கமாக இரண்டு தடவை தள்ளினார். வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

"அம்மா போகச் சொல்றாங்க" என்றார் கண்டக்டர். அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அழ வேணாம் நங்கி. அடுத்த வெள்ளி வாறதுதானே." பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். பலாக்காய் அம்மா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "எந்தத் தோட்டம் தாயி நீ?" என்று கேட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டார். பஸ் மறுபடி கிளம்பியபோது அவருடைய கை என் முதுகில் இருந்தது.

அதற்குப் பிறகு நான் அழவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா வழக்கம்போலச் சப்பாத்தைக் கழுவினார். அத்தை வீட்டில் இருந்தே உயர்தரம் வரை படித்தேன், பல்கலைக்கழகம் போனேன், வேலை கிடைத்தது. போயிருக்காவிட்டால் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியும். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. பயணம் கிளம்பியவளைத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்று நின்றாரா? கிட்டே வந்தால் விட மாட்டோம் என்று தெரிந்து நின்றாரா? அல்லது இவள் நாளைக்கே சரியாகிவிடுவாள் என்று மற்றவர்களைப் போல நினைத்தாரா? மூன்றும் சில நாள் சரியாகப் படுகிறது. சில நாள் மூன்றும் தவறாகப் படுகிறது.

மகள் பிறந்த பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தார். பத்தியக் குழம்புக்கு அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவை கேட்டேவிட்டேன். "அன்னிக்கி பஸ் நின்னுச்சே, ஏம்மா நீங்க வரல?"

அம்மா அரைப்பதை நிறுத்தவில்லை. "அந்த வளைவுல பஸ்ஸ நிப்பாட்டி வச்சா பின்னுக்கு வார லொறிக்காரன் என்னா பண்ணுவான்?"

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தார். பிள்ளை சிணுங்கியது, தூக்கப் போய்விட்டேன். மறுபடி கேட்கலாம் என்று இருந்தேன்.

அம்மாவின் கருமாதி முடிந்த அன்று பின்னேரம் தங்கச்சியும் நானும் பீலியில் பெரிய சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். சாம்பல் போதவில்லை என்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போனது.

"ஒனக்கென்ன, நீ டவுன்ல மீன் கொழம்பு சாப்புட்டு வளந்தவ" என்றாள். "ஞாயித்துக்கெழம ஆனா எங்களுக்கு விசுக்கோத்துதான்."

"ஏன்?"

"ஏனா? நீ பஸ் ஏறுனா அன்னிக்கி அம்மா அடுப்புக்கிட்டயே போக மாட்டாங்க. வீட்டையும் கூட்ட விட மாட்டாங்க. அப்பா தேத்தண்ணி ஊத்துவாரு, அதுல விசுக்கோத்த நனைச்சித் தின்னுட்டுப் படுப்போம். எத்தன வருஷம்! எனக்கு இன்னமும் மாரி விசுக்கோத்தக் கண்டா ஒமட்டும்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் என்னத்த சொல்ல? ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன். "நான் அழுத அன்னிக்கி? பஸ் நின்ன அன்னிக்கி?"

தங்கச்சி யோசித்தாள். "நீ அழுதியா? அம்மா சொல்லலயே. ஒரு ஞாயித்துக்கெழம ஹோல்டுல இருந்து வந்தவொடன ஒன்னோட பாய எடுத்து வெளிய போட்டாங்க. மழ வர்ற மாதிரி இருந்துச்சு. ஏம்மான்னு கேட்டேன். காயட்டும்னாங்க. நனைஞ்சே போச்சு. அதுவா இருக்கும்."

தங்கச்சிக்கு அம்மா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், எனக்கு அந்த விசுக்கோத்துகூடக் கிடைக்கவில்லை. இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டே வளர்ந்திருக்கிறோம்.

இனி என் மகள்.

போன வாரம் அவள் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா தூரத்துல வேலைக்குப் போனா, நீ மாமி வீட்டுல இருப்பியா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். அடுத்த கட்டையை வைத்தாள். கோபுரம் விழவில்லை. என் கணவர், "பாத்தியா, அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நீதான் போட்டுக் குழப்பிக்கிற" என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

ஆனால் அவளுடைய பாலர் பாடசாலைச் சட்டைகளைத் தோய்க்கும்போது ஒன்று கண்டேன். எல்லாச் சட்டையிலும் கழுத்துப்பட்டியின் ஒரு முனை நைந்திருக்கிறது. நூல் நூலாகப் பிரிந்து, பல் பட்ட அடையாளம். டீச்சரிடம் கேட்டேன். "அவ ரொம்ப நல்ல பிள்ளை, சத்தமே போட மாட்டா. காலையில நீங்க விட்டுட்டுப் போனதும் கொஞ்ச நேரம் கொலரக் கடிச்சிக்கிட்டு நிப்பா, பெறகு வந்து ஒக்காந்துக்குவா. எல்லாப் பிள்ளைகளும் எதையாவது கடிக்கிறதுதானே" என்றார்.

எல்லாப் பிள்ளைகளும் கடிக்கிறார்களா? எனக்கு ஒரே பிள்ளை, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. வேறு எதற்காகவாவது கடிக்கிறாளோ, பல் கூசுவதாலோ, பழக்கமோ, நான்தான் என் கதையை அவள் சட்டையில் தேடுகிறேனோ என்றும் நினைக்கிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் நான் கந்தோரில் பதில் சொல்ல வேண்டும். போ என்றோ, போகாதே என்றோ நீங்கள் எழுத வேண்டாம். அதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். உங்களில் அழாத பிள்ளையை வளர்த்தவர்கள், விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள், போக இருந்து நின்றவர்கள் யாராவது இருந்தால், ஒன்று மட்டும் சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்டீர்கள்? "ம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க முடியாதபடி, அதே நேரம் பயந்தும் போகாதபடி, எந்த வார்த்தையில் கேட்டீர்கள்?